பட்டாளத்தான் வளவு

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலையில் நொத்தாரிசு ஒருவரிடம் 31 வருடம் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பழைய காணி உறுதிகளைப் படித்தே காலம் போனது. அந்தப் பழக்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

போன மாதம் அமெரிக்காவில் இருக்கும் என் தங்கையின் பேத்தி போனில் பேசினாள். அவளுடைய சிநேகிதியின் தாயார் 'அமெரிக்கப் புரட்சியின் புதல்விகள்' என்ற சங்கத்தில் சேரப் போகிறாராம். 1890இல் தொடங்கிய சங்கம் அது. சேருகிறவர், தன் முன்னோர் ஒருவர் அந்தப் புரட்சிப் போருக்குத் தொண்டு செய்தார் என்று நிரூபிக்க வேண்டும். தன்னில் தொடங்கி அந்த முன்னோர் வரை, ஒவ்வொரு தலைமுறைக்கும் பத்திரம் காட்ட வேண்டும். "எங்கட ஆக்களில் ஆரும் அப்படிச் சண்டைக்குப் போனவையா தாத்தா?" என்று கேட்டாள்.

எனக்கு அப்பாச்சியின் குரல்தான் காதில் கேட்டது. எங்கள் பழைய காணிக்கு உறுதியில் இருந்த பெயர் பட்டாளத்தான் வளவு. "எங்கட ஆக்கள் பட்டாளத்தோட கப்பலில வந்து இறங்கினவை" என்று அவர் சொல்லுவார். எந்தப் பட்டாளம், எந்தக் கப்பல் என்று நான் கேட்டு வைக்கவில்லை. அந்தக் கவலை எனக்கு இன்றும் உண்டு.

இங்கிலாந்துக்கு எதிரான அமெரிக்கர்களின் அந்தப் போர் நம்முடைய கடலிலும் நடந்தது. பிரான்ஸ் அமெரிக்கர் பக்கம் சேர்ந்தது, பிறகு ஒல்லாந்தரோடும் இங்கிலாந்து சண்டைக்குப் போனது. 1781 நவம்பரில் ஒல்லாந்தரிடமிருந்து நாகபட்டினத்தைப் பிடித்த ஆங்கிலேயர், 1782 ஜனவரியில் அட்மிரல் ஹியூஸின் கப்பல்களில் திருகோணமலைக்கு வந்தார்கள். தாமாக முன்வந்த சிப்பாய்கள் சுமார் 500 பேர் கூட வந்தார்கள். இன்று நாம் கோணேசர் கோயிலுக்குப் போகும்போது கடந்து போகும் கோட்டை முதலில் விழுந்தது. 11ஆம் திகதி ஒஸ்ரன்பேர்க் கோட்டையும் விழுந்தது. அதே வருடம் ஆகஸ்ட் கடைசியில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் வந்து இரண்டையும் திருப்பிப் பிடித்தார். செப்டெம்பர் 3ஆம் திகதி நம் கரைக்கு வெளியே பெரிய கடற்சண்டை நடந்தது.

அப்படியானால் எங்கள் ஆள் 1782இல் வந்தவரா? முதலில் அப்படித்தான் நம்பினேன். பிறகு யோசித்தேன். சரணடைந்த அந்த ஆங்கிலக் காவற்படையை சஃப்ரன் சென்னைக்கே அனுப்பிவிட்டார். வந்தவர்கள் ஊரில் தங்கிக் காணி பிடிக்க வேளை இருந்திருக்காது. 1795 என்றால் கதை பொருந்துகிறது. அப்போது பிரெஞ்சுப் புரட்சிப் போர். புரட்சிப் படை ஒல்லாந்து நாட்டுக்குள் புகுந்துவிட, அந்த ஆகஸ்டில் ஆங்கிலேயர் மறுபடி சென்னைப் பக்கத்துச் சிப்பாய்களோடு இங்கே இறங்கினார்கள். 26ஆம் திகதி ஒல்லாந்தரின் கோட்டை சரணடைந்தது. இந்த முறை பிடித்தவர்கள் போகவில்லை, 1948 வரை ஆண்டார்கள். ஆகவே எங்கள் பட்டாளத்தான் வந்தது ஒரு புரட்சிப் போரில்தான், ஆனால் வேறொரு புரட்சி, அதுவும் புரட்சிக்கு எதிர்ப்பக்கம். பேத்திக்கு இதை அப்படியே சொன்னேன். முன்னோரைத் தேடுகிறவர் வசதியான முன்னோரை மட்டும் தேடக்கூடாது.

இப்போது பத்திரம் எங்கே? எங்களிடம் இல்லை. றங்குப்பெட்டி நிறைய இருந்த உறுதிகள் 1990இல் வீட்டோடு எரிந்தன. எரிந்ததோடு எல்லாம் முடிந்தது என்றுதான் இத்தனை வருடம் இருந்தேன்.

ஆனால் அமெரிக்கர்களின் தாள்களும் எரிந்தவைதான். 1800 நவம்பரில் அவர்களுடைய போர்த் திணைக்களக் கட்டடம் தீப்பிடித்து, புரட்சிப் போர் ஆவணங்கள் அழிந்துபோயின. 1832இல் ஓய்வூதியச் சட்டம் வந்தபோது, எழுபது எண்பது வயதுக் கிழவர்கள் நீதிமன்றத்தில் போய் நின்று, எந்த ஊரில் பிறந்தேன், யாருக்குக் கீழ் நின்றேன், எந்தச் சண்டையில் இருந்தேன் என்று வாயால் சொன்னார்கள். எழுதுகிறவர் எழுதினார். விதவைகள் கலியாணத்துக்குச் சாட்சியாகக் குடும்ப வேதாகமத்தில் பிறப்பு, திருமணம் எழுதிவைத்த தாளையே கிழித்துக் கொடுத்தார்கள். இன்று முன்னோரைத் தேடுகிறவர்கள் அந்தக் கோப்புகளைத்தான் புரட்டுகிறார்கள்.

அந்த வேலையை நாமும் செய்யலாம். சண்டையில் நின்ற சிப்பாய்க்கு நம்மிடம் கல்லறைக் கல்லும் இல்லை, ஆனால் காணிகளின் பெயரில் ஆட்கள் இருக்கிறார்கள். நான் எத்தனையோ உறுதிகளில் எல்லை விபரம் எழுதியிருக்கிறேன். வளவின் பெயர் விற்றாலும் வாங்கினாலும் மாறாமல் நூறு வருடம் உறுதிக்குள் நடந்து வரும். வீட்டுப் பிரதி எரிந்திருந்தாலும் காணிப் பதிவகத்தில் ஒன்று கிடைக்கலாம். நானே அங்கே விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன்.

தங்கள் பத்திரிகையில் வாரம் ஒரு சிறு இடம் தாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். உறுதியில் உள்ள வளவுப் பெயர், அதைப்பற்றி வீட்டுப் பெரியவர் சொன்ன கதை, சொன்னவரின் வயது, இவ்வளவு போதும். மூதூர், கிண்ணியா, நிலாவெளி என்று எல்லாப் பக்கத்து வாசகர்களும் எழுதட்டும்.

எங்கள் குடும்பத்தில் அப்பாச்சியின் வாயால் அந்தக் கதை கேட்டவர் இனி என் மாமி ஒருவர்தான். 91 வயது, தம்பலகாமத்தில் மகளோடு இருக்கிறார். வரும் ஞாயிறு போனில் பதிவு செய்வதற்காகப் போகிறேன். முதற்கடிதமாக அதையே எழுதி அனுப்புகிறேன்.

ஓய்வு பெற்ற நொத்தாரிசு கிளாக்கர்,
உவர்மலை, திருகோணமலை.