குதிரையின் பின்னங்கால்

அம்மு,

போனில் பேசினால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லி வைத்துவிடுவாய், எனக்கும் பாதியிலேயே தொண்டை கட்டிக்கொள்ளும், அதனால் எழுதுகிறேன். பயப்படாதே, அவசரம் ஒன்றும் இல்லை. அம்மா நன்றாக இருக்கிறாள். புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே பழைய கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கிறாள். தம்பிக்கு இடமாற்றம் வரும் போலிருக்கிறது, வந்தால் அவனே சொல்லுவான். என் முழங்கால் பரவாயில்லை.

என் போனில்தான் ஏதோ கோளாறு. உன் படங்கள் இருக்கும் பக்கத்தைத் திறந்தால் வெறும் வெள்ளையாக வருகிறது. அணைத்துப் போட்டுப் பார்த்தேன். அம்மா போனிலும் அப்படியேதான். தம்பியிடம் கொடுத்தேன், பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டான். ஆறு வருடத்துப் படங்கள் அதில் இருந்தன, நனைந்த பூனை, சித்தப்பாவின் செருப்பு, அம்மா தூங்கும்போது அவளுக்குத் தெரியாமல் வரைந்தது எல்லாம். எங்கே போய்விடப் போகிறது என்று நான் ஒன்றைக்கூட எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. சரி, போன் விஷயம் இருக்கட்டும்.

ராத்திரி தூக்கம் வருகிறதா? வேலை வேலை என்று இருக்காதே. தினமும் பத்து நிமிடம் எதையாவது கிறுக்கு. நன்றாக வர வேண்டும் என்று ஒன்றும் இல்லை, யாருக்கும் காட்டவும் வேண்டாம், வரைந்து கிழித்துப் போட்டாலும் சரி, ஆனால் கை பழக்கத்தை விடக்கூடாது. நீயாகக் கூப்பிட்டு மூன்று வாரம் ஆகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். சித்தி வந்திருந்தாள், உன்னைப் பற்றிக் கேட்டாள், "அவளுக்கென்ன, பிறவிக் கலைஞி" என்று வழக்கம்போல் ஆரம்பித்தேன், பாதியில் நிறுத்திவிட்டேன். ஏன் நிறுத்தினேன் என்று சொல்லத்தான் இவ்வளவு சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு ஆராய்ச்சியைப் பற்றிப் படித்தேன். 1998-ல் கிளாடியா முல்லர், கரோல் டுவெக் என்று இரண்டு உளவியல்காரர்கள் வெளியிட்டது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுத்து, சிலரிடம் "நீ புத்திசாலி" என்றும், சிலரிடம் "நன்றாக உழைத்தாய்" என்றும் பாராட்டியிருக்கிறார்கள். அவ்வளவுதான், ஒரே ஒரு வாக்கியம். பிறகு கஷ்டமான புதிர் ஒன்றைக் கொடுத்து எல்லோரையும் சறுக்க விட்டுவிட்டு, மறுபடி முதலில் இருந்ததைப் போன்ற சுலபமானதைக் கொடுத்தால், புத்திசாலி என்று பெயர் வாங்கின பிள்ளைகள் முன்பைவிடக் குறைவாக எடுத்திருக்கிறார்கள், உழைத்தாய் என்று கேட்டவர்கள் கூடுதலாக எடுத்திருக்கிறார்கள். இதுகூடப் பரவாயில்லை. மதிப்பெண்ணை வேறொரு பிள்ளைக்கு எழுதிச் சொல்லச் சொன்னபோது, புத்திசாலிக் கூட்டத்தில் பத்துக்கு ஏறக்குறைய நாலு பேர் கூட்டிப் போட்டு எழுதியிருக்கிறார்கள். பத்துப் பதினோரு வயதுப் பிள்ளைகள், முகம் தெரியாத ஒருத்தரிடம் பொய் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பெயரைக் காப்பாற்ற அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை.

தம்பிக்குக் கணக்கு வராது என்பதால் அவனிடம் ஓயாமல் "சித்திரமும் கைப்பழக்கம்" என்று பாடிக்கொண்டிருந்தேன். அவனும் தப்பாகப் போட்டு, அழித்து, திரும்பப் போட்டு, இன்றைக்கு எதையாவது சொதப்பினாலும் சிரித்துக்கொண்டு அடுத்ததைப் பார்க்கிறான். வேடிக்கை என்னவென்றால் அந்த வரியே சித்திரத்தைப் பற்றியது, அதைச் சித்திரம் வரைகிற பெண்ணிடம் ஒரு தடவை கூட நான் சொன்னதில்லை. உன்னிடம் சொன்னதெல்லாம் பிறவி, ரத்தம், கடவுள் கொடுத்தது.

போன வருடத்துக்கு முந்தின வருடம் ஒரு ராத்திரி கூப்பிட்டாயே, நினைவிருக்கிறதா? "எல்லோரும் என்னைப் பற்றித் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்ப்பா, எனக்கு ஒன்றும் தெரியாது, ஒருநாள் எல்லாம் வெளியே வந்துவிடும்" என்றாய். அசடு, போய்த் தூங்கு என்றேன். அதற்கு ஒரு பெயரே இருக்கிறது என்பது எனக்கு இப்போதுதான் தெரிந்தது. இம்போஸ்டர் என்கிறார்கள், 1978-லேயே பாலின் கிளான்ஸ், சுசான் இம்ஸ் என்ற இரண்டு பெண்கள், நன்றாகப் படித்து மேலே வந்த பெண்களிடம் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். காரணமே இல்லாமல் தன்னை ஏமாற்றுக்காரி என்று நினைத்துக்கொள்வது. அந்த "காரணமே இல்லாமல்" என்ற இடத்தில்தான் எனக்குச் சுருக்கென்றது. உனக்குக் காரணம் இருந்தது அம்மு. அதைக் கொடுத்தவன் நான்.

பரணை ஒழித்தோம். அந்தத் தகர டப்பாவில் உன் குதிரை இருந்தது.

அன்றைக்கு நீ தூங்கின பிறகு அதை எடுத்துப் பார்த்தேன். மறுநாள் போட்டிக்குக் கொண்டுபோக வேண்டியது. குதிரை நாலு காலையும் வயிற்றுக்கு அடியில் மடக்கிக்கொண்டு அந்தரத்தில் நின்றது, வெட்டுக்கிளி மாதிரி. பிள்ளை இவ்வளவு கஷ்டப்பட்டிருக்கிறது, காலில் போய்க் கோட்டை விட்டிருக்கிறதே என்று பட்டது. ரப்பரை எடுத்து அழித்தேன். முன்னங்கால் இரண்டையும் முன்னால் நீட்டி, பின்னங்கால் இரண்டையும் பின்னால் நீட்டி, பாய்கிற மாதிரி கறுப்புப் பேனாவில் போட்டேன். காலையில் நீ சுருட்டுவதற்கு முன் கொஞ்ச நேரம் அதையே பார்த்தாய். ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதல் பரிசு வந்தது. நான் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரிடமும் அந்தக் கதையைப் பதினெட்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், நீ ஒவ்வொரு தடவையும் எழுந்து உள்ளே போய்விடுவாய். கூச்சம் என்று நினைத்தேன். இல்லை, அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

இதில் இன்னொன்று இருக்கிறது, இதைத்தான் ஒரு வாரமாக யாரிடமும் சொல்ல முடியாமல் இருக்கிறேன். குதிரை நாலு கால் பாய்ச்சலில் ஓடும்போது கால்கள் எப்படி இருக்கும் என்று ரொம்ப காலம் யாருக்குமே தெரியாது, கண்ணுக்கு அந்த வேகம் பிடிபடாது. ஓவியர்கள் என்னைப் போலத்தான் முன்னும் பின்னும் நீட்டி வரைந்துகொண்டிருந்தார்கள். ஜெரிக்கோ என்ற பெரிய பிரெஞ்சு ஓவியர் 1821-ல் வரைந்த எப்சம் பந்தயம் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அதிலும் குதிரைகள் அப்படித்தான் பறக்கின்றன. 1878-ல் மைபிரிட்ஜ் என்பவர் கலிஃபோர்னியாவில் கேமராக்களை வரிசையாக நிறுத்தி ஓடுகிற குதிரையைப் படம் பிடித்தார். நாலு காலும் தரையை விட்டு எழும்புகிற ஒரு கணம் உண்டு என்று அதில் தெரிந்தது. ஆனால் அந்தக் கணத்தில் கால்கள் நீண்டு கிடப்பதில்லை. நாலும் வயிற்றுக்கு அடியில் மடங்கி, ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன.

நீ வரைந்திருந்தாயே, அதே மாதிரி.

அந்தப் பந்தய சிடியை நிறுத்தி நிறுத்தி ஓட்டிக்கொண்டிருந்தாய், ரிமோட் தேய்ந்துவிடும் என்று நான்தான் கத்தினேன். நீ பார்த்து வரைந்தாய், நான் பார்க்காமல் திருத்தினேன், பரிசு என் காலுக்குக் கிடைத்தது. அதற்குப் பிறகு நீ குதிரையே வரையவில்லை என்பதைக்கூட அந்த டப்பாவைத் திறந்த பிறகுதான் யோசித்தேன். எத்தனையோ பேர் உன் படங்களைப் பாராட்டியிருக்கிறார்கள், ஒவ்வொரு பாராட்டிலும் எது என் கால், எது உன் கால் என்று தேடிக்கொண்டிருந்தாயா? கேட்கக்கூட எனக்குத் தகுதி இல்லை.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சித்தியிடம் சொல்லிவிட்டேன், ஏனோ அது சுலபமாக இருந்தது.

நான் ரப்பரால் அழித்தாலும் நீ அழுத்தி வரைந்த பென்சில் தடம் தாளில் பள்ளமாகவே இருக்கிறது. விளக்குக்குச் சாய்த்துப் பிடித்தால் மடங்கின கால் நாலும் தெரிகிறது. அதன் மேல் நான் எதுவும் செய்யவில்லை, செய்யவும் மாட்டேன். அனுப்பி வைக்கட்டுமா, இங்கேயே இருக்கட்டுமா? அதை மட்டும் சொல். வேறு எதற்கும் பதில் எழுத வேண்டாம்.

தூங்கு. பத்து நிமிடம் கிறுக்கு. கிறுக்காவிட்டாலும் கூப்பிடு.

அப்பா

போனில் கோளாறு எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும்.