மீஞ்சூருக்கு அரைநாள் பயணம்: ஞாயிறு காலை

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம்.

வரும் ஞாயிறு காலை 6 மணிக்குத் திருவொற்றியூர் ரயில் நிலையத்தின் பயணச்சீட்டு முகப்பில் கூடுவோம். அங்கிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் மின்ரயிலில் மீஞ்சூர் சென்று, நண்பகலுக்குள் திரும்பிவிடுவதாகத் திட்டம். ஞாயிறன்று ரயில்கள் குறைவு என்பதால் தாமதமாக வருவோருக்காகக் காத்திருக்க இயலாது.

எண்ணூரைத் தாண்டியதும் வலப்பக்கச் சன்னலோரம் அமர்ந்தால், கொசஸ்தலை ஆறு கடலை நெருங்கும் கழிமுகத்தையும் அதன் பின்னே அனல்மின் நிலையப் புகைபோக்கிகளையும் ஒரே பார்வையில் காணலாம். இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் கோயிலன்று, அந்த ஆற்றைக் கடக்கும் ரயில் பாலந்தான்.

காஞ்சிபுரத்தைப் போலவே மீஞ்சூரிலும் ஏகாம்பரநாதர் கோயிலும் வரதராசப் பெருமாள் கோயிலும் இருப்பதால் அவ்வூரை வடகாஞ்சி என்றழைப்பர். இரண்டையும் வணங்கியபின் வயல்வெளிப் பக்கமாகச் சிறிது நடப்போம். சென்னையின் தாகத்துக்காகப் பல்லாண்டுகள் இப்பகுதியின் நிலத்தடி நீர் அளவுமீறி உறிஞ்சப்பட்டு, கடல்நீர் உட்புகுந்து கிணறுகள் உவர்த்துப்போன வரலாற்றை அங்குள்ள மூத்த விவசாயிகளிடம் கேட்டறிய வேண்டும் என்பது என் விருப்பம். 2010இல் தொடங்கப்பட்டு, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் திறனுடைய கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை மீஞ்சூர் பெயரைத் தாங்கினாலும், அது இருப்பது சற்றுத் தள்ளிக் கடலோரத்திலுள்ள காட்டுப்பள்ளியில். எனவே அதைக் காண இயலாது.

குடிநீர், தொப்பி, நடைக்கேற்ற செருப்பு ஆகியவற்றைக் கொண்டுவரவும். காலைச் சிற்றுண்டியை அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். வருவோர் வெள்ளி இரவுக்குள் இக்குழுவில் தெரிவிக்க வேண்டுகிறேன்.