‘மாட்யூல் போச்சு’ என்று எழுதும் முன்: பட்டறைகளுக்கு ஒரு திறந்த மடல்

பழைய கார்களை வேலைக்கு எடுக்கும் மெக்கானிக்குகளுக்கும், எஸ்டிமேட் எழுதும் சர்வீஸ் அட்வைசர்களுக்கும்,

வணக்கம்.

ஏபிஎஸ் என்பது ஓங்கி மிதித்தாலும் சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் பிரேக் அமைப்பு; அதை இயக்கும் எலக்ட்ரானிக் பெட்டிதான் மாட்யூல். நீங்கள் கழற்றி அனுப்பும் அந்த ஏபிஎஸ் மாட்யூல்களைத் திறந்து, போர்டு வேலை பார்த்துத் திருப்பி அனுப்புகிறவர்கள் நாங்கள். உங்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. ஸ்கேனரில் வந்த ஃபால்ட் கோடை (பழுதைக் குறிக்கும் எண்ணை) மட்டும் நம்பி ‘மாட்யூல் போச்சு, யூனிட்டை முழுசாக மாற்றணும்’ என்று எழுதாதீர்கள். முதலில் மாட்யூல்தான் குற்றவாளி என்று நிரூபியுங்கள். நிரூபித்த பிறகும் முழு யூனிட் பெரும்பாலும் தேவைப்படாது.

பதினைந்து வயதான காருக்கு முழு யூனிட் எஸ்டிமேட்டை நீட்டினால் அதன் உரிமையாளர் என்ன செய்வார்? வண்டியை அடிமாட்டு விலைக்குத் தள்ளுவார். இல்லையென்றால் மீட்டரில் எரியும் விளக்கை எப்படியாவது அணைத்துத் தரச் சொல்வார். எங்களுக்குப் பயம் இரண்டாவதில்தான். மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும். கூடவே சிவப்பு பிரேக் விளக்கும் எரிகிறது, பிரேக் ஆயில் மட்டமும் ஹேண்ட்பிரேக் சுவிட்சும் சரியாக இருக்கின்றன என்றால், இபிடியும் (முன் பின் சக்கரங்களுக்குப் பிரேக் விசையைப் பங்கிடும் எலக்ட்ரானிக் ஏற்பாடு) போய்விட்டது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். பின் சக்கரங்களுக்குப் போகும் அழுத்தத்தை மட்டுப்படுத்துவது அதுதான். அந்த வேலையைச் செய்த பழைய மெக்கானிக்கல் வால்வு இபிடி வந்த வண்டிகளில் பெரும்பாலும் கிடையாது. இந்த நிலையில் ஓங்கி மிதித்தால் முன் சக்கரங்களுக்கு முன்பே பின் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு, வண்டி பின்புறத்தை வீசிச் சுழலும். ‘ஏபிஎஸ் இல்லாத காலத்தில் வண்டி ஓட்டவில்லையா’ என்ற பேச்சு இங்கே செல்லாது.

யூனிட் என்று நாம் சொல்வது உண்மையில் மூன்று பொருள்கள். பிரேக் குழாய்கள் வந்து சேரும் அலுமினிய வால்வு பிளாக், அதன் ஒரு பக்கத்தில் பம்ப் மோட்டார், மறுபக்கத்தில் பிளாஸ்டிக் பெட்டியில் மாட்யூல். மிகப் பல வடிவமைப்புகளில், வால்வுகளை இயக்கும் காயில்கள் (மின்காந்தச் சுருள்கள்) மாட்யூலுக்குள் இருக்கின்றன. பிளாக்கில் நீட்டிக்கொண்டிருக்கும் வால்வுத் தண்டுகள் மீது அவை தொப்பி போல உட்காருகின்றன. அதனால் சில சிறிய டார்க்ஸ் ஸ்குரூக்களை எடுத்தால் மாட்யூல் தனியே வந்துவிடும். ஒரு பிரேக் குழாயையும் தளர்த்த வேண்டாம், ஒரு சொட்டு ஆயிலும் சிந்தாது, ஏர் எடுக்கும் வேலையும் இல்லை. ஸ்குரூவைத் திருகவே இடம் கிடைக்காத சில வண்டிகளில் மட்டும் பிளாக்கைத் தாங்கியிலிருந்து விடுவித்துச் சற்றே சாய்க்க நேரிடும்.

1978-ல் பாஷ் நிறுவனத்தின் ஏபிஎஸ் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் வந்தபோது எலக்ட்ரானிக் பெட்டி தனி, ஹைட்ராலிக் பாகம் தனி. பிறகுதான் இரண்டையும் ஒட்டிவைத்து எஞ்சின் அறைக்குள் போட்டார்கள். ஒயர் மிச்சம், இடம் மிச்சம். ஆனால் போர்டு ஒவ்வொரு நாளும் எஞ்சின் சூட்டில் வெந்து இரவில் குளிர்கிறது. பம்ப் ஓடும்போதெல்லாம் அதிர்கிறது. இப்படி ஆயிரக்கணக்கான முறை விரிந்து சுருங்கிய பிறகு பெரும்பாலும் ஐசி (போர்டிலுள்ள சிப்) சாவதில்லை, இணைப்புதான் விடுகிறது. அதிலும் மோட்டாருக்குக் கரண்ட் போகும் தடித்த பின்களின் காலடிதான் முதலில் விரிசல் விடும். காலையில் விளக்கு அணைந்திருக்கும், அரைமணி நேரம் நெரிசலில் நின்றதும் எரியும், மறுநாள் காலை மீண்டும் அணைந்திருக்கும் என்றால் இந்த வகைப் பழுதைச் சந்தேகிக்கலாம். சில மாதங்களில் அது நிரந்தரமாக எரியத் தொடங்கும். 1990-களின் கடைசியில் வந்த ஆடி, ஃபோக்ஸ்வாகன் கார்களின் பாஷ் 5.3 மாட்யூலில் 01276 என்ற பம்ப் கோடு வருவது இந்த வகைக்குப் பேர்போனது.

ஆனாலும் அதே பம்ப் கோடு கெட்ட எர்த்தாலும் வரும். பொதுக் கோடான சி0110 சொல்வது ‘பம்ப் மோட்டார் சர்க்யூட்’ என்றுதான், ‘மாட்யூல்’ என்றல்ல. சர்க்யூட்டில் ஃபியூஸ் இருக்கிறது, ஒயர் இருக்கிறது, எர்த் போல்ட் இருக்கிறது, மோட்டாரும் இருக்கிறது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு மாட்யூலைப் பிடிப்பது அவசரம்.

சோதனையை பேட்டரியில் தொடங்குங்கள். ஓய்வில் 12.6 வோல்ட்டுக்கு அருகிலும், எஞ்சின் ஓடும்போது ஏறக்குறைய 13.8 முதல் 14.5 வரையும் வேண்டும். அடுத்து, இக்னிஷனை அணைத்து மாட்யூல் கனெக்டரைக் கழற்றி, ஹார்னஸ் (வண்டியின் ஒயர் கட்டு) பக்கத்தில் சப்ளை பின்னையும் எர்த் பின்னையும் லோடு கொடுத்துப் பாருங்கள். மல்டிமீட்டர் மட்டும் போதாது. இருபது இழையில் ஒரே ஒரு இழை மிஞ்சிய ஒயரிலும் மீட்டர் 12 வோல்ட் காட்டிச் சிரிக்கும். 55 வாட் ஹெட்லைட் பல்பைக் குறுக்கே போடுங்கள். ஏறக்குறைய 5 ஆம்பியர் இழுக்கும். பல்பு முழு வெளிச்சத்தில் எரியும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே வோல்ட் அளவெடுங்கள். 0.1 வந்தால் ‘இவ்வளவுதானே’ என்று விட்டுவிடாதீர்கள். 5 ஆம்பியரில் 0.1 இழக்கும் இணைப்பு, பம்ப் கிளம்பும்போது 30 ஆம்பியர் போனால் 0.6 வோல்ட்டை விழுங்கும். ஃபியூஸையும் கண்ணால் பார்த்து மட்டும் முடிவுசெய்யாமல், லோடில் அதன் இரு முனைகளுக்கு இடையே அளந்து பாருங்கள். ஒரு வேண்டுகோள்: தடித்த மீட்டர் முனையைக் கனெக்டரின் பெண் பின்னுக்குள் குத்தாதீர்கள். அது விரிந்துபோனால் இல்லாத பழுதை நாமே உண்டாக்கியதாகும்.

பிறகு மோட்டார். இதைத் தவிர்த்தால் மற்றதெல்லாம் வீண். மோட்டார் கனெக்டரைக் கழற்றி, 30 ஆம்பியர் ஃபியூஸ் வைத்த ஒயரால் பேட்டரியிலிருந்து நேராக இரண்டே வினாடி கரண்ட் கொடுங்கள். ‘விர்ர்’ என்று உடனே கிளம்ப வேண்டும். இழுத்து இழுத்துச் சுற்றினாலோ, தட்டினால்தான் சுற்றுகிறது என்றாலோ, கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். பம்ப் சீல் கசிந்து ஆயில் மோட்டாருக்குள் இறங்கியிருக்கலாம். இறுகிய மோட்டார், தனக்குக் கரண்ட் திறந்துவிடும் மாட்யூலின் டிரைவர் டிரான்சிஸ்டரைச் சுட்டுவிடும். மோட்டாரைப் பார்க்காமல் மாட்யூலை மட்டும் சரிசெய்து மாட்டினால் அதே பழுது திரும்பும், பழி போர்டு வேலை பார்த்தவர் தலையில் விழும்.

சக்கர சென்சார்களில் இரண்டு வகை, சோதனையும் இரண்டு வகை. பழைய காந்தச் சுருள் சென்சாரில் ஓம் அளக்கலாம். பெரும்பாலானவை 800 முதல் 2000 ஓம் வரை காட்டும், இடதுக்கும் வலதுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கக் கூடாது. சக்கரத்தைக் கையால் வினாடிக்கு ஒரு சுற்று சுற்றினால் ஏசி அளவில் 100 மில்லிவோல்ட்டாவது வர வேண்டும். மாட்யூலிலிருந்து சப்ளை வாங்கி வேலை செய்யும் ஆக்டிவ் சென்சாரில் ஓம் அளக்கவே கூடாது. மில்லி ஆம்பியர் மீட்டரைத் தொடரிணைப்பில் போட்டுச் சக்கரத்தை மெல்ல நகர்த்துங்கள். அளவு ஏறக்குறைய 7-க்கும் 14-க்கும் மாறி மாறிக் குதிக்கும். புது வீல் பேரிங் போட்ட மறுநாள் விளக்கு எரிகிறதென்றால் பேரிங்கில் சென்சார் படிக்கும் காந்தப் பட்டை உள்ள பக்கம் திரும்பிப் போயிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு சக்கரத்தின் கோடு மட்டும் வந்தால் அந்தச் சக்கரத்திடம் போங்கள். நான்கு சக்கரங்களும் ஒரே நேரத்தில் கோடு தந்தால்தான் சந்தேகம் மாட்யூல் பக்கமும் அதன் கனெக்டர் பக்கமும் திரும்ப வேண்டும். ஏபிஎஸ் மாட்யூலோடு தொடர்பு அறுந்தது என்று சொல்லும் யு0121 கோடு வந்து, மாட்யூல் ஸ்கேனரோடு பேசவே இல்லை என்றாலும் முதல் கேள்வி சப்ளையும் எர்த்தும்தான்.

இவ்வளவும் சரியாக இருந்தால் மாட்யூலைக் கழற்றலாம். பேட்டரி நெகட்டிவை எடுத்துவிட்டு, யூனிட்டைச் சுற்றியுள்ள மண்ணையும் எண்ணெயையும் பிரஷ்ஷால் துடைத்த பிறகே ஸ்குரூவில் கை வையுங்கள். பெட்டியை நேராக வெளியே இழுக்க வேண்டும். ஸ்குரூடிரைவரால் நெம்பினால் வால்வுத் தண்டு வளையும். வளைந்தால் முழு யூனிட்டும் குப்பை. கழன்றதும் காயில் பக்கத்தைப் பாருங்கள், மோந்தும் பாருங்கள். பிரேக் ஆயில் ஈரம் இருந்தால் வால்வு பிளாக்கே கசிகிறது என்று பொருள். அங்கே போர்டு வேலைக்குப் பயனில்லை. அப்போதுதான் ‘முழு யூனிட்’ என்று எழுதுவது நியாயம். பிளாக்கின் திறந்த முகத்தைச் சுத்தமான பிளாஸ்டிக்கால் மூடிக் கட்டுங்கள்.

உள்ளே நடக்கும் வேலையையும் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் அரைகுறையாகத் திறந்து பார்க்கப்பட்ட மாட்யூல்களும் வருகின்றன. மூடி ஒட்டியோ பிளாஸ்டிக் வெல்டிங்கிலோ இருக்கும். மெல்லிய வட்ட பிளேடால் விளிம்பைச் சுற்றி, மூடியின் தடிப்பளவு மட்டும், 2 மில்லிமீட்டருக்கு மேல் இறங்காமல் அறுக்க வேண்டும். அறுக்கும் பக்கம் கீழே பார்த்தால் தூள் உள்ளே விழாது. ஜெல் ஊற்றிய செராமிக் போர்டும், முடி போன்ற அலுமினிய ஒயர்களும் தெரிந்தால் அதோடு நிறுத்துங்கள். அலுமினியத்தின் மேலுள்ள ஆக்ஸைடு படலம் சாதாரண ஈயத்தைப் பிடிக்க விடாது. செராமிக் அடியில் உள்ள உலோகத் தட்டு சாலிடரிங் அயர்னின் சூட்டை உறிஞ்சிவிடும். அதற்கு அல்ட்ராசோனிக் பாண்டிங் மெஷின் வேண்டும். கண்டக்டிவ் பசையைத் தடவிச் சமாளித்தவை சில வாரங்களில் மறுபடி விடும்.

பச்சை நிற ஃபைபர் போர்டு என்றால் கதை வேறு. பூதக்கண்ணாடியில் பின்னைச் சுற்றி மெல்லிய கருப்பு வளையம் தெரியும், அதுதான் விரிசல். மேலே புது ஈயம் சேர்ப்பது வேலையல்ல. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, ஃபிளக்ஸ் போட்டு, 350 டிகிரி அளவில் வைத்த தடித்த முனையால் 63/37 ஈயத்தை (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம் கலந்த சாலிடர்) ஓட விட வேண்டும். 183 டிகிரியில் உருகும் அந்த ஈயம் ஈயமில்லா வகையை விட மென்மையானது, அதிர்வைச் சற்று அதிகம் தாங்கும். மோட்டார் பின்களுக்கு மட்டும் பின்னிலிருந்து டிராக்குக்கு ஒரு சிறு நெகிழும் ஒயரைக் கூடுதலாகப் போட்டால் அடுத்த விரிசலைத் தள்ளிப்போடலாம். மூடுவதற்கு முன் காயில்களின் ஓம் அளவை ஒப்பிடுங்கள்: ஒரே வகைக் காயில்கள் ஒன்றையொன்று ஒத்திருக்க வேண்டும்.

மூடும்போது நியூட்ரல் சிலிகான் மட்டும். வினிகர் நாற்றம் வரும் சிலிகான் வெளிவிடும் அமிலம் செம்பை அரிக்கும். 24 மணி நேரம் காய விடுங்கள். மாட்யூலில் காற்றுத் துளை இருந்தால் அதை அடைக்காதீர்கள். சூடான பெட்டி மீது மழைத் தண்ணீர் பட்டதும் உள்ளே காற்று சுருங்கும். துளை அடைபட்டிருந்தால் அந்த உறிஞ்சல் சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும்.

மாட்டும்போது பெட்டியைத் தண்டுகள் மேல் கையால் முழுதாக உட்கார வைத்த பிறகே ஸ்குரூ. ஸ்குரூவால் இழுத்து உட்கார வைக்காதீர்கள். பிளாக் அலுமினியம், மரை எளிதில் போய்விடும். குறுக்கு மறுக்காக, மேனுவல் சொல்லும் இறுக்கம் மட்டும். அதே மாட்யூல் திரும்ப வருவதால் கோடிங் (மாட்யூலில் வண்டியின் விவரங்களைப் பதிவது) வேலை இல்லை. பழைய வண்டியிலிருந்து எடுத்த இன்னொரு மாட்யூலைப் போடுகிறீர்கள் என்றால் பார்ட் நம்பர் கடைசி எழுத்து வரை பொருந்த வேண்டும், கோடிங் செய்ய வேண்டும், ஸ்டியரிங் ஆங்கிள் சென்சாரையும் ஜீரோ செய்ய வேண்டியிருக்கலாம்.

கோடுகளை அழித்த பின், வண்டியைத் தூக்கி, வால்வுகளையும் பம்பையும் ஸ்கேனரே இயக்கிப் பார்க்கும் ஆக்சுவேட்டர் டெஸ்டை ஓட்டுங்கள். ஒருவர் பெடலை மிதிக்க, மற்றவர் ஒவ்வொரு சக்கரமாகத் திருப்ப, ஸ்கேனர் சொல்லும் சக்கரம் மட்டும் விடுபட வேண்டும். அடுத்து நேர்ப் பாதையில் நான்கு சக்கர வேகங்களும் ஒன்றாக ஏறி இறங்குகின்றனவா என்று லைவ் டேட்டாவில் பாருங்கள். கடைசியாக ஆளில்லாத வெற்றிடத்தில் ஓங்கி மிதித்து, பெடல் காலில் துடிப்பதை உணர்ந்த பிறகே சாவியைக் கொடுங்கள்.

மாட்யூல் எங்களிடம் இருக்கும் நாட்களில் வண்டியை வெளியே விடாதீர்கள். இபிடி கிடையாது, திறந்த வால்வு முகத்தில் தண்ணீர் ஏறும், பல வண்டிகளில் ஸ்பீடோமீட்டரும் வேலை செய்யாது.

அனுப்பும் பெட்டிக்குள் ஒரு துண்டுச் சீட்டு வையுங்கள். அழிப்பதற்கு முன் வந்த எல்லாக் கோடுகளும், பழுது சூட்டில் வருகிறதா எப்போதும் இருக்கிறதா என்பதும், லோடில் அளந்த எர்த் வோல்ட்டும், மோட்டார் நேர்க் கரண்டில் சுற்றியதா என்பதும் அதில் இருக்கட்டும். காயில் பக்கத்தைப் பஞ்சால் அடைக்காமல், ஸ்டாட்டிக் தடுக்கும் உறையில் போட்டு, அட்டைப் பெட்டியில் அசையாமல் கட்டி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஏபிஎஸ் மாட்யூல் போர்டு வேலை செய்வோர்