கேஸ் எடுக்குற நாட்டுல கரி அடுப்பு: பாலுவுக்கு ஒரு கடிதம்

டேய் பாலு,

நல்லா இருக்கியா, மஸ்கட்ல வெயில் எப்படி? உன் வாய்ஸ் மெசேஜ் கேட்டேன், தான்சானியால கேஸ் இருந்தும் ஏன் இன்னும் மரக்கரில சமைக்கிறாங்கன்னு கேட்டிருக்க. போன்ல பதில் சொல்ல ஆரம்பிச்சா பாதில லைன் கட்டாகும், நீயும் நடுவுல பூந்து வேற கதைக்கு போயிடுவ, அதான் உக்காந்து டைப் பண்றேன். நீளமா போகும், வெள்ளிக்கிழமை லீவுல படிச்சுக்க.

வீட்டு சேதி முதல்ல. அம்மாவுக்கு முட்டி வலி அப்படியே தான் இருக்கு, ஆனா வாய் மட்டும் குறையல. பெரியவளுக்கு புதுச்சேரில வேலை கிடைச்சிருக்கு, தினம் பஸ்ல போயிட்டு வர்றா. நான் மஞ்சக்குப்பத்துலயே செட்டில் ஆயிட்டேன் மச்சான், இனிமே ஆப்பிரிக்கா பக்கம் தலை வச்சு படுக்க மாட்டேன்னு வீட்ல சத்தியம் வாங்கிட்டாங்க. உன் பையனுக்கு பொண்ணு பாக்குற விஷயம் என்னாச்சு? திருப்பாப்புலியூர் இடம் நல்ல இடம் தான், விசாரிச்சுட்டேன், தைரியமா பேசு.

நம்ம தெருவுலயும் இப்ப கேஸ் பைப் போட தோண்டுறாங்க. மஞ்சள் பைப் சுருள் சுருளா வந்து முனைல கெடக்கு. பழக்க தோஷம், வேடிக்கை பாக்க போயிடறேன். ரெண்டு பைப்பையும் கப்ளர்ல சொருகி, மெஷின் ஒயரை மாட்டி, சூடு பண்ணி ஒட்டுறானுங்க இல்ல, அது ஆறுற வரைக்கும் கிளாம்பை கழட்டவே கூடாது, ஆனா அந்த பையன் டிஸ்பிளேல டைம் ஓடிட்டு இருக்கும்போதே கழட்டி அடுத்த குழிக்கு போறான். "தம்பி, கப்ளர் மேலயே கூலிங் டைம் எழுதியிருக்கே"ன்னேன். "சார் நீங்க யாரு"ன்னான். எந்த கான்ட்ராக்டர்னு சொல்லல, சொல்லியும் பிரயோஜனம் இல்ல, அவனுக்கு ஒரு நாளைக்கு இத்தனை மீட்டர் முடிச்சா தான் கூலி.

சரி, உன் கேள்விக்கு வரேன். "கேஸ் எடுக்குற நாட்டுல இத்தனை வருஷம் வேலை பாத்தியே, அங்க ஏண்டா இன்னும் கரி போட்டு சமைக்கிறாங்க?" நான் போன புதுசுல இதே கேள்விய தான் நானும் எல்லார்கிட்டயும் கேட்டுட்டு திரிஞ்சேன்.

தான்சானியாவுல கேஸ் இருக்குங்கறது புது விஷயம் இல்லடா. சோங்கோ சோங்கோங்கற தீவுல 1974லயே கண்டுபிடிச்சாச்சு. அது பைப்ல டார் எஸ் சலாமுக்கு (அங்க இருக்குறதுலயே பெரிய ஊர், சுருக்கமா டார்) வந்து சேர்ந்தது 2004ல, கணக்கு போட்டுக்க, முப்பது வருஷம். காரணம் ரொம்ப சிம்பிள், வாங்க ஆள் இல்ல. கேஸை நெல்லு மாதிரி மூட்டை கட்டி அடுக்கி வச்சு விலை வரும்போது விக்க முடியாது, எடுத்தா எடுத்த அன்னைக்கே ஒருத்தன் எரிக்கணும். அப்போ பெரிய அளவுல எரிக்கறதுக்கு இருந்த ஆளு கரண்ட் தயாரிக்கிற பிளான்ட்டும் ஒரு சிமெண்ட் ஆலையும் தான். அவங்களை நம்பி தான் லைனே வந்துச்சு.

அப்புறம் 2010லேர்ந்து ஆழ்கடல்ல அடுத்தடுத்து கேஸ் கிடைச்சு, மொத்தம் 57 டிரில்லியன் கன அடின்னு கணக்கு சொன்னாங்க. ஊரே தலைகால் புரியாம ஆடுச்சு. தெக்க முட்வாராலேர்ந்து டார் வரைக்கும் 500 கிலோமீட்டருக்கு மேல, 36 இஞ்ச் பைப், சீனா கடன்ல போட்டு 2015ல தொறந்தாங்க. 36 இஞ்சுடா! உள்ள ஆளு தவழ்ந்து போலாம். ஆனா அந்த பைப்போட கொள்ளளவுல சின்ன பங்கு தான் ரொம்ப வருஷம் ஓடுச்சு. கடன் வட்டி மட்டும் ஃபுல்லா ஓடுச்சு.

முட்வாரா கதை தான் எனக்கு இன்னும் மனசுல நிக்குது. அங்க கேஸ் 1982லயே கிடைச்சது, ரொம்ப நாள் கழிச்சு அதை வச்சு அந்த ஊருக்குன்னு ஒரு 18 மெகாவாட் பிளான்ட் போட்டாங்க, சின்னது தான், ஆனா உள்ளூருக்கு கரண்ட் வந்துச்சு. நம்ம காரைக்கால்ல, திருப்பட்டினத்துல 32.5 மெகாவாட் இருக்கே, பக்கத்துலயே எடுக்குற கேஸ்ல ஓடுதே, நரிமணம் ஃபீல்டுல வேலை பாத்தப்ப லீவு நாள்ல அந்த பக்கம் சுத்துவமே, அதே டைப். முட்வாராகாரனுக்கும் நம்ம கேஸ் நமக்கு உதவுதுன்னு ஒரு நம்பிக்கை. அப்படி இருக்கும்போது பெரிய பைப்ல எல்லாம் டாருக்கு போகப்போகுதுன்னு சேதி. 2013 மே மாசம் பார்லிமெண்ட்ல மந்திரி பட்ஜெட் பேச்சுல பைப் போடறது உறுதின்னு சொன்னதும் ஊர் பத்திக்கிச்சு. ராணுவம் வந்துச்சு, உயிர் போச்சு. நான் போனப்ப எல்லாம் அடங்கியிருந்துச்சு, ஆனா டீக்கடைல உக்காந்து கேஸ்னு வாயை தொறந்தா பேச்சு உடனே அங்க தான் போகும்.

இங்க நெடுவாசல், கதிராமங்கலம்னு 2017ல கிணறு வேண்டாம்னு போராட்டம் நடந்தது உனக்கு தெரியும். ரெண்டையும் ஒரே மாதிரின்னு சிலர் சொல்றாங்க, எனக்கு அப்படி தோணல. முட்வாராகாரன் எடுக்காதேன்னு சொல்லல, எடுத்து இங்கயே ஆலை கட்டு, எம்புள்ளைக்கு வேலை குடு, அப்புறம் மிச்சத்தை கொண்டு போன்னான். நம்ம டெல்டாகாரன் எடுக்கவே எடுக்காதன்னான், ஏன்னா அவனுக்கு நெல்லு இருக்கு, தண்ணி இருக்கு, அது கெட்டுச்சுன்னா போச்சு. 2020ல வேளாண் மண்டல சட்டம் வந்துச்சு, நம்ம கடலூர் மாவட்டத்துலயும் காட்டுமன்னார்கோயில், பரங்கிப்பேட்டைன்னு அஞ்சு வட்டாரம் அதுல வருது, புதுசா கேஸ் கிணறு போட முடியாது. நாம கேஸ் ஃபீல்டுல சம்பளம் வாங்கி சாப்பிட்டவங்க தான், ஆனா அந்த சட்டம் சரின்னு தான் சொல்வேன். நீ சண்டைக்கு வருவ, வா.

இப்ப அடுப்பு. இதை தான் நீ ஒழுங்கா புரிஞ்சுக்கணும். பெரிய பைப் போடறது ஈஸி மச்சான். கடன் கிடைக்கும், வெல்டர் கிடைப்பான், திறப்பு விழாவுக்கு பிரசிடெண்ட் வருவார். கஷ்டம் எல்லாம் அதுக்கப்புறம் தான். ஊர் எல்லைல பிரஷரை இறக்கணும், வாசனைக்கு மருந்து கலக்கணும் (கேஸுக்கு சொந்தமா வாசனையே கிடையாதுன்னு சொன்னா இன்னும் யாரும் நம்ப மாட்டேங்கறாங்க), ஊருக்குள்ள இரும்பு லைன், தெருவுக்கு 4 பார் பிரஷர்ல மஞ்சள் பைப், வீட்டு அடுப்புக்கு வரும்போது 21 மில்லிபார், வாயால ஊதுற காத்து மாதிரி. இவ்வளவு செலவு பண்ணி ஒரு வீட்ல ஒரு நாளைக்கு என்ன எரியும்? அரை கன மீட்டர். குளிர் நாடுன்னா வீட்டை சூடு பண்ண எரிப்பான், டார்ல அதுவும் இல்ல. டார்லயே கின்யெரேசிங்கற இடத்துல கேஸ்ல கரண்ட் எடுக்குற ஒரு 240 மெகாவாட் பிளான்ட் இருக்கு, அது ஃபுல்லா ஓடினா ஒரு நாளைக்கு குடிக்கிற கேஸ் கிட்டத்தட்ட இருபது லட்சம் வீட்டு அடுப்புக்கு சமம். நீ வியாபாரி, சொல்லு, ஒரு ஆளுக்கு வித்து ஒரு பில் போடுவியா, இருபது லட்சம் வீட்டுக்கு குழி தோண்டுவியா?

அதனால தான் பத்துல எட்டு வீட்டுக்கு மேல இன்னும் விறகும் கரியும். சாயங்காலம் டார்ல எந்த சந்துக்குள்ள போனாலும் வாசல்ல கரி அடுப்பு, மேல பீன்ஸ் கொதிக்கும், கடைல சின்ன தகர டப்பால அளந்து கரி விப்பாங்க. அங்க தான் விஷயமே. அன்னைக்கு கைல இருக்குற காசுக்கு அன்னைக்கு கரி. சிலிண்டர் மொத்தமா காசு கேக்கும், பைப் டெபாசிட் கேக்கும். கரி வாங்குறவ வருஷக் கணக்குல பாத்தா நம்மளை விட ஜாஸ்தி தான் செலவு பண்றா, ஆனா சேர்ந்தாப்ல அவ கைல காசு நிக்கறது இல்ல. இன்னொரு கொடுமை, அந்த நாட்டு சிலிண்டர் கேஸ் முழுக்க வெளிநாட்டுலேர்ந்து கப்பல்ல வருது, காலுக்கு கீழ கேஸை வச்சுக்கிட்டு.

நம்ம ஊர்ல இந்த முடிச்சை அவுத்தது பைப் இல்லடா, சிலிண்டர். 2007ல கலைஞர் ஆட்சில இலவசமா அடுப்பும் கனெக்‌ஷனும் குடுத்தாங்களே, அப்போ நாம கிண்டல் பண்ணோம், ஓட்டு அடுப்புன்னு. அப்புறம் 2016ல மத்திய அரசோட உஜ்வாலா திட்டம், அதுவும் ஏழை வீட்டுக்கு சிலிண்டர் கனெக்சன் குடுக்கறது தான். முதல் செலவை அரசாங்கம் ஏத்துக்கிட்டா தான் அடுப்பு மாறும். ரீஃபில் விலை ஏறினா மறுபடி விறகுக்கு போறவங்க இருக்காங்க, அது வேற கதை. தான்சானியாவுலயும் 2034க்குள்ள நூத்துல எண்பது பேருக்கு புகையில்லா அடுப்புன்னு திட்டம் போட்டிருக்காங்க, தேதி நல்லா தான் இருக்கு, டெபாசிட்டை யார் கட்டுறதுங்கற இடத்துல தான் இழுக்கும்.

அங்க நான் சந்தோஷமா பாத்த ஒரே விஷயம் ஆட்டோ. நம்ம பஜாஜ் ஆட்டோ தான், அங்க ஆட்டோவுக்கு பேரே பஜாஜி. பெட்ரோல் விலை ஏற ஏற பஜாஜிகாரன் எல்லாம் சிஎன்ஜி (அதே கேஸை அழுத்தி டேங்க்ல அடைச்சது) கிட் மாட்ட ஆரம்பிச்சுட்டான், யாரும் பிரச்சாரம் பண்ணல, பக்கத்து ஸ்டாண்டுகாரன் சாயங்காலம் வீட்டுக்கு கொண்டு போற காசை பாத்து இவனும் மாட்டுறான். ஒரு ஆட்டோ ஒரு நாளைக்கு நாலு கிலோ அடிச்சா பத்து வீட்டு அடுப்புக்கு சமம், அதுவும் தெருத்தெருவா பைப் போடாம. ஆனா பங்க் விரல் விட்டு எண்ணுற அளவு தான் இருந்துச்சு, க்யூ பாத்தா நம்ம ஊர் ரேஷன் கடை தோத்துச்சு. அவன் க்யூல நிக்கிற நேரம் சவாரி போற நேரம். கவர்மெண்ட் எல்என்ஜி (கேஸை குளிர வச்சு திரவமாக்கினது) கப்பலை பத்தி பேசுற நேரத்துல பாதிய பங்க் கட்டுறதுல போட்டிருந்தா எவ்வளவோ வண்டி மாறியிருக்கும்.

எல்என்ஜின்னதும் ஞாபகம். தெக்க லிண்டிங்கற ஊர்ல கேஸை திரவமாக்கி ஏற்றுமதி பண்ண 42 பில்லியன் டாலருக்கு பிளான்ட்னு பேச்சு, 2022ல ஒரு அடிப்படை ஒப்பந்தம் கூட போட்டாங்க, அப்புறம் இழுத்துக்கிட்டே போச்சு. 2013ல போட்ட கேஸ் கொள்கைல உள்நாட்டுக்கு தான் முதல் உரிமைன்னு எழுதி வச்சிருக்காங்க, நல்ல விஷயம். ஆனா ஆழ்கடல்ல துளை போட காசு போடறவன் ஏற்றுமதி இல்லாம போட மாட்டான், உள்ளூர்ல மின்சார கம்பெனி கேஸ் காசை மாசக்கணக்குல பாக்கி வச்சா அவனுக்கு என்ன நம்பிக்கை வரும்? (நம்ம ஊர் மின்வாரியம் ஞாபகம் வருதா?) அதுக்காக எல்லாத்தையும் கப்பல்ல ஏத்தினா உங்க ஓமன் மாதிரி ஆகும். 2000லேர்ந்து கல்ஹாத்துலேர்ந்து கப்பல் கப்பலா அனுப்பிட்டு, உள்ளூர்ல தேவை ஏறினதும் கத்தார்லேர்ந்து பைப்ல வாங்கல? எகிப்து இதுக்கு நேர் எதிர், ஒரு கோடி வீட்டுக்கு மேல பைப் குடுத்துட்டான், ஆனா 2015ல அவனே எல்என்ஜி இறக்குமதி பண்ண வேண்டியதா போச்சு. எனக்கு ரெண்டுல எகிப்து தப்பு தான் பரவால்லன்னு படுது. வீட்டுக்குள்ள போன பைப்பை எவனும் திரும்ப எடுக்க முடியாது.

நம்ம கதையும் ஒண்ணும் பெருமைக்கு இல்ல. இந்தியா எரிக்கிற கேஸ்ல பாதிக்கு பக்கம் இறக்குமதி, எண்ணூர்ல 2019ல எல்என்ஜி இறக்குற முனையம் வந்து அங்கேர்ந்து தூத்துக்குடி வரைக்கும் லைன் இழுக்குறாங்க. உள்நாட்டு பழைய கிணத்து கேஸை வீட்டுக்கும் சிஎன்ஜிக்கும் முதல்ல குடுக்கணும்னு விதி, 2023 ஏப்ரல்ல அந்த கேஸ் விலை கச்சா எண்ணெய் விலைல 10 சதவீதம், எம்எம்பிடியுக்கு (கேஸை அளக்குற யூனிட்) அதிகபட்சம் 6.5 டாலர்னு உச்சவரம்பு வேற வச்சாங்க. நல்ல விதி தான். ஆனா கிணறு வத்துது, தெருவுக்கு தெரு மீட்டர் ஏறுது, 2024 கடைசில சிஎன்ஜிக்கு குடுக்கறதை வெட்டினாங்க பாத்தியா. எங்க தெருவுல எல்லாரும் சிலிண்டரை விட சீப்புன்னு கேட்டு ஃபாரம் போட்டிருக்காங்க, நானும் தான்.

டெபாசிட் ரசீதுல திருப்பி தருவாங்களா மாட்டாங்களான்னு பொடி எழுத்துல என்னமோ போட்டிருக்கு, ஒண்ணும் விளங்கல. உன் மாமனார் வீட்ல போன வருஷமே கனெக்‌ஷன் வாங்கிட்டாங்கன்னு சொன்னியே, அவங்க பேப்பரை போட்டோ எடுத்து அனுப்ப சொல்லு, நாங்க காசு கட்டறதுக்குள்ள.

உன்
செல்வம்