வேலிக்கு இந்தப் பக்கம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

டென்மார்க்கின் கோபன்ஹேகனுக்குள் தனி ஊர்போலத் தங்கள் இஷ்டப்படி வாழ்கிறவர்களின் குடியிருப்பான கிறிஸ்டியானியாவில் நீ எடுத்த படங்கள் வந்தன. அம்மாவும் நானும் டிவியில் போட்டுப் பார்த்தோம். வெளியே போகிறவர்களுக்கு ‘நீங்கள் இப்போது ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுழைகிறீர்கள்’ என்று சொல்லும் அந்த வாசல் பலகையைப் பார்த்து அம்மா ரொம்ப நேரம் சிரித்தாள். அவள் ஊர்க் குசும்பு அல்லவா! 1971-இல் காலியாகக் கிடந்த ராணுவக் குடியிருப்புக்குள் வேலி தாண்டிப் புகுந்தவர்கள், 2012-இல் அந்த இடத்தை அரசிடமிருந்து விலைக்கே வாங்க வேண்டியதாயிற்று. கஞ்சா விற்ற புஷர் தெருவின் கற்களை 2024-இல் குடியிருப்பவர்களே பெயர்த்தார்கள் என்று நீ சொன்ன கதை எனக்கு ரொம்பப் பிடித்தது.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. படங்களில் உள்ளே இருப்பவர்கள் மட்டும்தான் இருக்கிறார்கள். தெருவுக்கு எதிர்ப்பக்கம் மாதா மாதம் வாடகை கட்டிக்கொண்டு இருப்பவர் ஒருவரைக்கூடக் காணோம்.

1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளின் மண்ணைத் தாழியில் போட்டு ஆரோவில்லைத் தொடங்கியபோது, குயிலாப்பாளையத்திலிருந்து வேடிக்கை பார்க்கப் போனவர்களில் உன் தாத்தாவும் ஒருவர். அப்போது இங்கே காடு ஏது? செம்மண் பொட்டல், அங்கங்கே பனை. மழை பெய்தால் மண் கரைந்து கடலுக்குப் போய்விடும். கரை போட்டுத் தண்ணீரைத் தேக்கியது, குழி வெட்டிக் கன்று நட்டது எல்லாம் வெளிநாட்டுக்காரர்களின் யோசனை என்பார்கள். சரி, இருக்கட்டும். கூலிக்கு மண்வெட்டி பிடித்தவர்களில் தாத்தாவும் சித்தப்பாக்களும் இருந்தார்கள். நான் பார்த்த பழைய படங்களில் அவர்கள் ஓரமாக, முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். 50,000 பேருக்கென்று திட்டமிட்ட நகரத்தில் இன்றும் 4,000 பேர்கூட இல்லை. சுற்றுக் கிராமங்களிலிருந்து தினமும் வேலைக்குப் போய் வருகிறவர்கள் அதைவிட அதிகம்.

நீ ஆத்தா வீட்டில் கூழ் குடித்துவிட்டு மத்தியானம் ஆரோவில்லின் பொதுச் சமையற்கூடமான சோலார் கிச்சனில் வரிசையில் நின்றவள். ஊரில் உன்னை ‘வெள்ளைக்காரி மக’ என்றார்கள், உள்ளே கிராமத்துப் பெண் என்றார்கள். அழுதுகொண்டு வருவாய். ஆனால் இரண்டு பக்கத்து அடுப்படி வரைக்கும் போய் வந்த போட்டோக்காரர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? கேமரா வாங்கிய பிறகு மட்டும் ஏன் ஒரு பக்கமே நிற்கிறாய் என்றுதான் கேட்கிறேன். அம்மா இதை ஒத்துக்கொள்ளவில்லை. ‘உள்ளே இருப்பவர்களைப் புரிந்துகொள்ளவே அவளுக்கு ஒரு ஆயுள் வேண்டும், சும்மா இருங்கள்’ என்கிறாள்.

அடுத்து இத்தாலியில் டாமன்ஹூர் என்ற கூட்டுக் குடியிருப்புக்குப் போவதாக எழுதியிருந்தாய். மலையைக் குடைந்து கட்டிய கோயில்களை எல்லோரும்தான் எடுக்கிறார்கள். 1992 வரை வெளியே தெரியாமல் தோண்டினார்களாமே, அத்தனை மண்ணும் கல்லும் எங்கே போயிற்று? பக்கத்து ஊர்க்காரர்களுக்கு நிஜமாகவே தெரியாதா, தெரிந்தும் பேசாமல் இருந்தார்களா? ஏதாவது ஒரு காபிக்கடையில் உட்கார்ந்து, வயதானவர்களிடம் விசாரித்து எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா