உறைந்த எண்ணெய்

ஆர்.கே. புரம், புது தில்லி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்த அன்று காலை, குளியலறையில் தேங்காய் எண்ணெய் பாட்டில் வெள்ளைக் கட்டியாக உறைந்திருந்தது. தில்லிக் குளிரில் பால்கனி வெயிலில் வைத்தால்தான் தலைக்கு எண்ணெய். உன் கேள்வியைப் படித்ததும் அந்தப் பாட்டில்தான் கண்முன் வந்தது.

கனடாவின் யூகானில் உன் மகன் மூஸ் மான் வேட்டைக்குப் போகிறான், எந்த ரைஃபிள் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். இங்கே 1972 வனவிலங்குச் சட்டப்படி வேட்டை குற்றம். நான் எந்த மிருகத்தையும் சுட்டதில்லை. ஆனால் ராணுவத்தில் இருபது ஆண்டுகள் துப்பாக்கிகளைப் பழுது பார்த்தவன்.

லடாக்கில் என் முதல் குளிர்காலம். காவலிலிருந்து வந்த ஜவான் ஒருவர், சுடவில்லை என்று ரைஃபிளை நீட்டினார். தோட்டாவை எடுத்துப் பார்த்தேன். தோட்டாவை வெடிக்கவைக்கும் ஊசி தட்டிய இடத்தில் நகம் பட்டதுபோல் லேசான தடம், அவ்வளவுதான். தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி அடைக்கும் போல்ட்டைக் கழற்றினால், ஊசியைத் தள்ளும் ஸ்பிரிங்கைச் சுற்றி எண்ணெய் மெழுகாக இறுகிக் கிடந்தது. முந்தின வாரம் அதைத் தாராளமாகப் பூசியவன் நான்தான். அந்தத் தடம் இன்றும் என்னை உறுத்துகிறது.

அதனால் எந்தக் கம்பெனி என்பதை நான் இரண்டாவதாகத்தான் பார்ப்பேன். போல்ட் ஆக்‌ஷன் வாங்கட்டும். ஒவ்வொரு முறையும் கையால் போல்ட்டை இழுத்துத் தோட்டா ஏற்றும் வகை அது. தானாகத் தோட்டா ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி எண்ணெய்ப் பிசினையும் பனியையும் தாங்காமல் நின்றுவிடலாம். போல்ட்டைக் கை பலத்தால் இழுத்துத் தள்ளிவிடலாம். என்.சி.சி.யில் நாம் தோள் வலிக்கச் சுமந்தோமே .303 லீ என்ஃபீல்ட், அந்தக் குடும்பத்துத் துப்பாக்கியைத்தான் கனடா ராணுவத்தின் ரிசர்வ் படையினரான ரேஞ்சர்கள் 1947 முதல் சுமார் எழுபது ஆண்டுகள் வைத்திருந்தார்கள். அதே 1947இல் யூகானின் ஸ்நாக் என்ற இடத்தில் மைனஸ் 63 டிகிரி பதிவானது என்றால் பார்த்துக்கொள். இப்போது ரேஞ்சர்களிடம் இருப்பது சி19 என்ற ரைஃபிள். பின்லாந்தின் டிக்கா டி3எக்ஸ் ரைஃபிளை அடிப்படையாகக் கொண்டது. போல்ட் கைப்பிடி பெரிது, கையுறை விரல் விசையைச் சுற்றிய வளையத்துக்குள் தடையில்லாமல் நுழையும். தோளில் வைக்கும் துப்பாக்கிக் கட்டை, மரத்தகடுகளை ஒட்டி அழுத்தியது. ஈரத்தில் எளிதில் வளையாது. உன் மகனும் கடைக்குத் தடித்த கையுறையோடு போய், அதைக் கழற்றாமலே போல்ட்டை இழுத்துப் பார்க்கட்டும். தோட்டா வகை .308 அல்லது .30-06 போதும்.

வாங்கியதும் போல்ட்டின் உட்புறத்தில் உள்ள எண்ணெயை முழுவதும் துடைத்தெடுக்கச் சொல். எண்ணெய்க்குப் பதில் வழுக்கிக்கொடுக்கக் கிராஃபைட் தூள் கொஞ்சம் போதும். அதைவிட முக்கியம், வேட்டை முடிந்து வந்ததும் துப்பாக்கியை ஹீட்டர் ஓடும் அறைக்குள் கொண்டுபோகக் கூடாது. குளிர்ந்த இரும்பின்மேல் உள்ளும் புறமும் நீர் கோத்துக்கொள்ளும். மறுநாள் வெளியே எடுத்தால் அந்த நீர்தான் பனிக்கட்டி. சூடேற்றாத அறையில் பூட்டி வைக்கட்டும். உள்ளே கொண்டுவந்தே ஆகவேண்டுமென்றால் உறையோடு சில மணி நேரம் விட்டு, பிறகு பிரித்துத் துடைக்கட்டும். குழல் வாயில் ஒரு துண்டு டேப் ஒட்டினால் பனி புகாது. சுடுமுன் எடுத்துவிட வேண்டும். குளிரில் வெடிமருந்தின் வேகமும் குறையும். ஆகவே குறி சரிபார்ப்பதை அந்தக் குளிரிலேயே செய்யட்டும்.

என் மூட்டு வலி பரவாயில்லை. பேத்தி தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். உன் கடிதத்தின் முதல் வரியை அவள்தான் வாசித்தாள்.

துப்பாக்கி வாங்கியதும் போல்ட்டைக் கழற்றிப் படம் எடுத்து அனுப்பச் சொல். எண்ணெய் இருக்கிறதா என்று நானே பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்