‘மற்றொரு மகன்’

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் சென்ற வாரச் சேலம் இணைப்பில், குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தின் அரசியலைப் பற்றி இரண்டு பக்கக் கட்டுரை வந்திருந்தது. 1926 முதல் 1930 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த டாக்டர் சுப்பராயன், மத்திய அமைச்சராக இருந்தபோதே 1973 விமான விபத்தில் மறைந்த மோகன் குமாரமங்கலம், கோவையிலிருந்து நாடாளுமன்றம் சென்ற பார்வதி கிருஷ்ணன், நம் சேலத்தின் உறுப்பினராக இருந்த ரங்கராஜன் என ஒவ்வொருவருக்கும் படத்தோடு பத்தி பத்தியாக எழுதிய தங்கள் கட்டுரையாளர், நடுவே ஒரே ஒரு வாக்கியத்தைப் போகிற போக்கில் போட்டிருக்கிறார்: “மற்றொரு மகன் ராணுவத்தில் பணியாற்றினார்.”

அந்த மற்றொரு மகன்தான் ஐயா, மூத்த மகன். பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம், 1966 ஜூன் முதல் 1969 ஜூன் வரை இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதி. கலெக்டராக இருந்த ஒருவரை ‘கலெக்டர் ஆபீசில் வேலை பார்த்தார்’ என்று யாராவது எழுதுவார்களா? மேடைக்கும் சுவரொட்டிக்கும் ‘தளபதி’ என்ற சொல்லைத் தாராளமாக அள்ளி வழங்கும் தங்கள் இதழுக்கு, அந்தப் பதவியிலேயே மூன்று ஆண்டுகள் இருந்தவருக்குக் கொடுக்க மட்டும் அச்செழுத்து போதாமல் போய்விட்டது.

நான் 1967-இல் சேலத்து ஆளெடுப்பில் தேறி, நாசிக் ரோடு பீரங்கிப் படை மையத்துக்குப் பயிற்சிக்குச் சென்றவன். தமிழைத் தவிர வேறு மொழி தெரியாது. முதல் வாரத்தில் பயிற்சி தந்த உஸ்தாத் எந்த ஊர் என்று கேட்டார். சேலம் ஜில்லா என்றேன். குமாரமங்கலம் ஜமீன் இருக்கும் திருச்செங்கோடு வட்டாரம் அப்போது நம் மாவட்டம்தான் என்பதும், நாமக்கல் 1997-இல்தான் பிரிந்தது என்பதும் தாங்கள் அறியாததல்ல. “சீஃப் சாகிப் ஊரா?” என்று கேட்டு அவர் என்னை ஏற இறங்கப் பார்த்த பார்வையை இன்றும் மறக்கவில்லை. பஞ்சாபிலிருந்து வந்த உஸ்தாதுக்குத் தெரிந்திருந்தது, சேலம் இணைப்பு எழுதுகிறவருக்குத் தெரியவில்லை.

அவரும் பீரங்கிப் படைக்காரர்தான். இங்கிலாந்தில் ஈட்டன் பள்ளியில் படித்த ஜமீன் வீட்டுப் பிள்ளை, நமக்கும் அவருக்கும் என்ன என்று எங்கள் தெருவிலேயே கேட்டவர்கள் உண்டு. நானும் ஜமீன்களுக்கு வக்காலத்து வாங்குகிறவன் அல்லன். ஆனால் அத்தனை வசதியும் இருந்தவர் வுல்விச் ராணுவப் பள்ளியில் சேர்ந்து 1933-இல் அதிகாரியாகி, 1942 மே மாதக் கடைசியில் லிபியப் பாலைவனத்தில் பிர் ஹக்கீம் அருகே எதிரி டாங்கிகளுக்கு முன்னால் பீரங்கிகளோடு நின்று டி.எஸ்.ஓ. என்ற பிரிட்டிஷ் போர்க்கள விருது பெற்றார் என்பதை எப்படித் தள்ளிவிட முடியும்? நாங்கள் நாசிக்கில் உள்ளங்கை தோலுரிய இழுத்துப் பழகிய 25 பவுண்டர் வகைப் பீரங்கிகள்தாம் அங்கேயும் இருந்தவை. பிறகு அவர் சிறைப்பட்டார், இத்தாலி முகாமிலிருந்து தப்பினார், மறுபடியும் பிடிபட்டு ஜெர்மனிக்குக் கொண்டுபோகப்பட்டார். இத்தாலியில் கைதியாக இருந்த இன்னொரு அதிகாரி, பின்னாளில் பாகிஸ்தான் அதிபரான யாஹியா கான். 1966-இல் இருவரும் எதிரெதிர் நாடுகளின் தரைப்படைத் தலைவர்கள். இதைவிடச் சுவையான செய்தி தங்கள் கட்டுரையாளருக்கு எந்தச் சட்டமன்றத்தில் கிடைத்தது என்று தெரியவில்லை.

அவர் பதவியில் இருந்த 1967 செப்டம்பரில்தான் சிக்கிம் எல்லையின் நாதுலா கணவாயில் சீனப் படைக்கு நம் பீரங்கிகள் பதில் சொல்லின. 1962-இன் தலைகுனிவுக்குப் பிறகு அந்தச் செய்தி பயிற்சி மையத்தில் எங்களுக்கு என்னவாக இருந்தது என்பதை எழுதினால் தாங்கள் வெட்டிவிடுவீர்கள். அவருக்குப் பின் அந்த நாற்காலியில் அமர்ந்த மானெக் ஷாவை எல்லாருக்கும் தெரியும், தெரியவும் வேண்டும். எழுந்து இடம் கொடுத்தவர் யார் என்று கேட்டால்தான் ஊரே விழிக்கிறது. 1970-இல் அவருக்குப் பத்ம விபூஷண் வழங்கப்பட்டதையும் கட்டுரையில் காணோம். அவர் மறைந்தது 2000 மார்ச்சில். ரங்கராஜன் மறைந்தது அதே ஆண்டு ஆகஸ்டில். தம்பி மோகனின் மகனுக்கு வந்த செய்திகளை எண்ண முடியவில்லை, பெரியப்பாவுக்கு வந்ததைத் தேடித்தான் படித்தேன்.

பழையதைக் கிளறுவதாக நினைக்க வேண்டாம். சென்ற ஆண்டுக் குடியரசு தினச் சிறப்புப் பக்கத்தில் ‘நம் பீரங்கிப் படை’ என்று போட்டு அதன் மேல் டாங்கியின் படத்தை அச்சிட்டிருந்தீர்கள். டாங்கி வேறு படை, பீரங்கி வேறு படை என்று அன்றே அஞ்சலட்டையில் எழுதினேன். பதில் இல்லை. கல்யாண வீடுகளில் என்னை ‘மிலிட்டரியில் இருந்தவர்’ என்று அறிமுகப்படுத்துகிறார்கள். எந்தப் படை, எத்தனை வருடம் என்று ஒருவரும் கேட்பதில்லை, அடுத்த கேள்வி கேன்டீன் ரம் கிடைக்குமா என்பதுதான். அவர்கள் படிக்காதவர்கள் என்று பொறுத்துக்கொள்கிறேன். எழுதுவதையே தொழிலாகக் கொண்டவர்களை எந்தக் கணக்கில் பொறுத்துக்கொள்வது?

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. வரும் வார இணைப்பில், அதே பக்கத்தில், ‘மற்றொரு மகன்’ என்பதை ‘மூத்த மகன், ஜெனரல் பி.பி. குமாரமங்கலம், முன்னாள் தரைப்படைத் தலைமைத் தளபதி’ என்று திருத்தி இரண்டு வரி வெளியிட்டால் போதும். இடமிருந்து ஒரு படமும் சேர்ப்பதானால், தயவுசெய்து டாங்கியைப் போட்டுவிட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நாற்பதாண்டு வாசகன்,
ஓய்வுபெற்ற ஹவில்தார், பீரங்கிப் படை,
அஸ்தம்பட்டி, சேலம்.